கிலோமீட்டர் 101 – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐ.நா. அமைதிப்படைத் தளபதி என்சியோ சீலஸ்வுவோ பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 1973 போருக்குப்பின் எகிப்தும் இஸ்ரேலும் கெய்ரோ-சூயஸ் சாலையின் 101ஆம் கிலோமீட்டரில் அவர் முன்னிலையில் பேசின, சரி. ஆனால் முடிவெல்லாம் வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் எடுத்ததுதானே? ஃபின்லாந்து ராணுவ அதிகாரிக்கு அங்கே என்ன வேலை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடுவில் நின்று கண்காணிக்கும் அந்த வேலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அக்டோபர் 22 போர்நிறுத்தமே சாட்சி. சண்டையை நிறுத்த ஐ.நா. பாதுகாப்பு சபை 12 மணி நேரக் கெடு வைத்தது. கெடு முடிந்தபோது யார் எங்கே நின்றார்கள் என்று குறித்துவைக்கக் களத்தில் ஐ.நா. பார்வையாளர்கள் இல்லை. சண்டை நிற்கவில்லை, எகிப்தின் மூன்றாம் படையை இஸ்ரேல் வளைத்துக்கொண்டது. ‘22ஆம் தேதிக் கோட்டுக்குத் திரும்புங்கள்’ என்று எகிப்து கேட்டபோது அந்தக் கோட்டைக் காட்ட ஆளில்லை. கடைசிவரை அது தீரவே இல்லை.

சீலஸ்வுவோ 1957லேயே சினாயில் ஐ.நா. படையின் ஃபின்லாந்துப் பிரிவை நடத்தியவர், பிறகு சைப்ரஸ், 1970 முதல் ஜெருசலேமில் போர்நிறுத்தக் கண்காணிப்பின் தலைவர். அக்டோபர் 25இல் புதிய ஐ.நா. படை அறிவிக்கப்பட்டதும் பொறுப்பு அவரிடம் வந்தது. சைப்ரஸில் இருந்த ஆஸ்திரிய, ஃபின்லாந்து, சுவீடன் வீரர்கள் மறுநாளே கெய்ரோவில் இறங்கத் தொடங்கினார்கள்.

மூன்றாம் படைக்கு உணவும் தண்ணீரும் போக வேண்டும், ஆயுதம் போகக் கூடாது. எகிப்தும் இஸ்ரேலும் செய்துகொண்ட நவம்பர் 11 ஒப்பந்தத்தின் ஆறு அம்சங்களில் ஐந்தாவதைப் படித்துப் பாருங்கள்: சாலையிலுள்ள இஸ்ரேலியச் சோதனைச்சாவடிகள் ஐ.நா. கைக்கு மாறும், ஆனால் சூயஸ் கால்வாய்க் கரையில் சரக்கைப் பரிசோதிக்கும்போது இஸ்ரேலிய அதிகாரிகளும் கூட இருக்கலாம். சாவடி கைமாறியதும் போர்க்கைதிகள் பரிமாற்றம். ஒன்று தடைப்பட்டால் அடுத்ததும் நின்றுவிடும். அதனால் சாவடியில் நின்ற வீரனின் பொறுமைக்கு அத்தனை மதிப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது 1974இன் படைவிலக்கம். ஜனவரி 18இல் கையெழுத்து, மார்ச் 4இல் முடிந்தது. கட்டம் கட்டமாக நடந்தது. இஸ்ரேலியப் படை ஒரு பகுதியை ஐ.நா.விடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். ஐ.நா. வீரர்கள் சில மணி நேரம் அதைத் தங்கள் கையில் வைத்திருப்பார்கள். பிறகுதான் எகிப்தியப் படை உள்ளே வரும். போகிறவனும் வருகிறவனும் நேருக்கு நேர் பார்க்கவே கூடாது. ஒரு டாங்கி கிளம்பத் தாமதித்தாலும் அந்தச் சில மணி நேரம் அதைத் தாங்கிக்கொள்ளும்.