புது ஸ்விங் ரேஞ்சில் வருகிறது, கோர்ஸில் வரவில்லை. தொடரலாமா, விட்டுவிடலாமா?

கேட்டவர் பெங்களூரில் ஐடி வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில் கோல்ஃப் ஆடுகிறார், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) இருபதை ஒட்டி இருக்கிறது. யூட்யூபில் பார்த்து ‘ஸ்டாக் அண்ட் டில்ட்’ ஸ்விங்கைப் பழகத் தொடங்கியிருக்கிறார். ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், பந்து அம்பு மாதிரி போகிறதாம், நிஜ ஆட்டம் நடக்கும் கோர்ஸில் இறங்கினால் பழைய ஸ்கோரை விட மோசமாம்.

தொடருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் இப்போதைக்கு செவன் அயர்ன் என்ற நடுத்தரத் தூர மட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புல்லில் வைத்து ஆடிப் பாருங்கள், உங்களிடம் இருக்கும் குறையைத்தான் இந்த ஸ்விங் தீர்க்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ரேஞ்சில் மேட் (செயற்கைப் புல் விரிப்பு) மேல் வைத்து அடித்த நல்ல ஷாட்டுகளை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இந்த ஸ்விங்கைக் கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைக் பென்னட், ஆண்டி பிளம்மர் என்ற இரண்டு அமெரிக்கப் பயிற்சியாளர்கள் வகுத்த முறை இது. 2007-இல் ‘கோல்ஃப் டைஜஸ்ட்’ பத்திரிகையில் வந்த பிறகு அமெச்சூர்களிடம் பரவியது. வழக்கமான பாடத்தில் பேக்ஸ்விங்கின்போது (மட்டையைப் பின்னால் தூக்கும்போது) உடல் எடை வலது காலுக்குப் போகும், இறங்கும்போது இடது காலுக்குத் திரும்பும் (வலது கை ஆட்டக்காரரை வைத்துச் சொல்கிறேன்). இந்த முறையில் எடை ஆரம்பத்திலிருந்தே இடது காலில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பேக்ஸ்விங்கிலும் அங்கேயே நிற்கும். இடது தோள் நன்றாகக் கீழே இறங்கும், வலது முழங்கால் நிமிரும், தலை அப்படி இப்படி நகராது.

ஏன் இப்படி? கிளப், அதாவது மட்டை, ஒரு வளைவில் சுற்றி வருகிறது. அந்த வளைவின் அடிப்புள்ளி பந்தைத் தாண்டி, இலக்கின் பக்கம் இருந்தால் அயர்ன் முதலில் பந்தைத் தொடும், அப்புறம் மண்ணை எடுக்கும். எடை பின்காலிலேயே தங்கிவிட்டால் அடிப்புள்ளியும் பின்னால் வந்துவிடும். முதலில் மண், பிறகு பந்து. அதாவது ஃபேட் ஷாட். அதிலிருந்து தப்பிக்க உடம்பு தானாக எழும்பினால் கிளப் பந்தின் மேல்பாதியில் பட்டு டாப் ஆகும். எடையை முன்னாலேயே வைத்துக்கொண்டால் இந்த இரண்டு தொல்லையும் குறைய வாய்ப்பு உண்டு. இந்த முறையின் பலம் முக்கியமாக இங்கேதான் இருக்கிறது.

ஆகவே உங்கள் குறை என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஃபேட், டாப் தொல்லை இருந்தால் இது சரியான இடத்தில் கை வைக்கிறது. கிளப் முகம் (பந்தை அடிக்கும் பரப்பு) வலப்பக்கம் திறந்துபோய், பந்து வலப்பக்கம் வளைந்து ஸ்லைஸ் ஆவதுதான் தொல்லை என்றால், எடையை எங்கே வைத்தாலும் அந்த முகம் மூடாது. கிரிப்பை, அதாவது பிடிக்கும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மருந்துச் சீட்டோடு நாம் மருந்துக்கடைக்குப் போகக் கூடாது இல்லையா?

பந்து ஏன் எங்கே போகிறது என்பதில் ஒரு பழைய நம்பிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளப் எந்தப் பாதையில் வருகிறதோ அந்தப் பக்கம்தான் பந்து கிளம்பும் என்று நிறையப் பேர் சொல்லிக் கொடுக்கிறார்கள். டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் வந்த பிறகு இது தவறு என்று தெளிவாகிவிட்டது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடிக்கும் கணத்தில் கிளப் முகம் பார்க்கும் திசை. அயர்னில் ஏறக்குறைய முக்கால் பங்கு, டிரைவரில் (மிக நீளமாக அடிக்கும் மட்டை) அதற்கும் மேல். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள கோண வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. இதை வைத்து உங்கள் ஷாட்டை நீங்களே படிக்கலாம். நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், முகம் ஏறக்குறைய இலக்கைப் பார்க்கிறது, பாதை இடப்பக்கம் இழுக்கிறது. வலப்பக்கமே கிளம்பி இன்னும் வலப்பக்கம் வளைந்தால் முகம் நன்றாகத் திறந்திருக்கிறது. (பந்து கிளப்பின் நடுவில் பட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு. டிரைவரின் குதிகால் பக்கம், அதாவது தண்டு சேரும் பக்கம், பட்டாலும் வலப்பக்கம் வளையும்.)

இனி ரேஞ்ச் விஷயம். உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் என்று நினைக்கிறேன். நம்மில் பலர் ரேஞ்சில் மேட்டில் வைத்துத்தான் அடிக்கிறோம். கிளப் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இறங்கினாலும் மேட்டில் அது புதைவதில்லை, சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். சத்தம் கொஞ்சம் மாறும், தூரம் கொஞ்சம் குறையும், ஆனால் பந்து உயர்ந்து நேராகப் போகும். கண்ணுக்கு நல்ல ஷாட். அதே ஸ்விங்கை ஜூலை, ஆகஸ்ட் மழையில் ஊறிய ஃபேர்வேயில் (கோர்ஸில் புல் வெட்டிய ஆட்டப் பாதை) ஆடினால் கிளப் மண்ணில் நின்றுவிடும், பந்து பாதி தூரம்கூடப் போகாது.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவருக்கு இதுதான் நடந்தது. அல்சூர்ப் பக்கம் வளர்ந்த கேடி ஒருவர், நம்மிடம் தமிழில்தான் பேசுவார், ஸ்விங் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபேர்வேயில் குனிந்து டிவட்டை, அதாவது கிளப் புல்லைப் பெயர்த்த தடத்தை, காட்டினார். “சார், பந்து இங்க இருந்துச்சு. மண்ணு எங்க ஆரம்பிக்குது பாருங்க.” பந்து இருந்த இடத்துக்கு ஒரு விரல்கடை பின்னால் புல் கிழிந்திருந்தது. நண்பர், “அண்ணே, ரேஞ்ச்ல நல்லாத்தானே போச்சு” என்றார். “ரேஞ்ச்ல மண்ணு இல்லையே சார்” என்றார் அவர். அதைவிடத் தெளிவான கோல்ஃப் பாடத்தை நான் எங்கும் கேட்டதில்லை. பெங்களூர் கிளப்புகளில் பல வருடம் பை தூக்கியவர்கள் பந்துக்கும் மண்ணுக்கும் நடக்கும் விஷயத்தை நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள். தயங்காமல் கேளுங்கள்.

இதை நீங்களே சோதிக்க, பயிற்சி பங்கரில் மணலில் குறுக்காக ஒரு கோடு கிழியுங்கள். பந்து வேண்டாம். கோட்டை நடுவில் வைத்து நின்று, செவன் அயர்னால் ஸ்விங் செய்யுங்கள். மணல் கோட்டிலிருந்து இலக்குப் பக்கமாகக் கிளம்ப வேண்டும். பழைய ஸ்விங்கில் சில, புது ஸ்விங்கில் சில என்று மாற்றி மாற்றிச் செய்து, இரண்டு வரிசைக் குழிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது ஸ்விங்கின் குழிகள் முன்னால் நகர்ந்து, ஒரே இடத்தில் விழுந்தால் அது உங்களுக்கு ஏற்றது என்று தைரியமாக நம்பலாம். அங்கும் இங்கும் சிதறினால் இன்னும் பழகவில்லை. பின்னால்தான் விழுகிறது என்றால், எடையை முன்னால் வைத்திருப்பதாக நீங்கள் உணர்கிறீர்கள், உடம்பு அப்படிச் செய்யவில்லை. போனை முன்னால் நிறுத்தி, கை உயரத்தில் வைத்து வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும்.

கிளப் முகத்தில் எங்கே படுகிறது என்று பார்க்க, காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை முகத்தில் லேசாக அடித்துக்கொள்ளுங்கள். பந்து பட்ட இடத்தில் வட்டமாக ஒரு தடம் விழும். செலவு குறைவு, எந்தக் கருவிக்கும் குறைவில்லாத சாட்சி.

தூரத்தை வைத்து மட்டும் புது ஸ்விங்கை எடைபோடாதீர்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு, பந்து சென்னையைவிடச் சற்று அதிகமாகவே பறக்கும். கிண்டியிலும் நந்தனத்திலும் ஆடிவிட்டு மாற்றலாகி இங்கே வருபவர்கள் அதே சமயத்தில் ஸ்விங்கையும் மாற்றிக்கொண்டால், கூடுதல் தூரம் முழுவதும் ஸ்விங்கின் கணக்கில் போய்விடுகிறது. தூரமே எல்லாம் இல்லை என்பதற்கு நம் ஊர்ப் பெண்ணே சாட்சி. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நான்காவதாக வந்தார், வெண்கலம் ஒரே ஸ்ட்ரோக்கில் போனது. டிரைவர் தூரத்தில் தன்னைவிட மிகவும் நீளமாக அடித்தவர்களோடு, பட்டிங்கின் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) துணையில் கடைசி நாள் கடைசி ஹோல் வரை போட்டியில் நின்றார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

ரேஞ்சுக்கும் கோர்ஸுக்கும் நடுவே இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரேஞ்சில் ஒரே கிளப்பால் ஒரே திசையில் பக்கெட் காலியாகும் வரை அடிக்கிறோம். பத்தாவது பந்துக்குள் உடம்புக்குத் தாளம் பிடிபட்டுவிடும், பழகிவிட்டோம் என்று தோன்றும். கோர்ஸில் ஒரு ஷாட் அடித்துவிட்டு ஐந்து நிமிடம் நடக்கிறோம், அடுத்து வேறு கிளப், வேறு சரிவு. அதனால் பக்கெட்டின் பின்பாதியில் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள், பந்துக்குப் பந்து பின்னால் வந்து நின்று புதிதாகத் தொடங்குங்கள். ரேஞ்சில் ஷாட்டுகள் கொஞ்சம் மோசமாகும். பரவாயில்லை. மாற்றி மாற்றிப் பயிற்சி செய்தால் அந்த நேரத்தில் தடுமாறினாலும் பிற்பாடு நன்றாக நிலைக்கிறது என்பது இயக்கக் கற்றல் ஆய்வுகளில் 1979-லிருந்தே பேசப்படுகிறது.

கோர்ஸில் எதை நினைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டவுன்ஸ்விங் முடிய ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. அதற்குள் இடது தோள், வலது முழங்கால், இடுப்பு என்று மூன்று கட்டளைகளை யாராலும் நிறைவேற்ற முடியாது. காப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 1999-இல் கோல்ஃப் பிட்ச் ஷாட்டை (குறைந்த தூரத்துக்கு உயர்த்தி அடிப்பது) வைத்துச் செய்த ஆய்வில், கையின் அசைவைக் கவனித்தவர்களைவிடக் கிளப்பின் அசைவைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். ஆகவே தோள், முழங்கால் பாடமெல்லாம் வீட்டில் கண்ணாடி முன்னால். கோர்ஸில் ‘பந்துக்கு முன்னால் இருக்கும் அந்தப் புல்லை வெட்டு’ என்ற ஒரே எண்ணம் போதும்.

டிரைவரில் இப்போது கை வைக்காதீர்கள். அங்கே பந்து டீ என்ற சிறு குச்சியின் மேல் இருக்கிறது, கிளப் சற்று மேல்நோக்கி வந்து அடிப்பது நல்லது. அயர்னுக்காக முன்னால் நகர்த்திய அடிப்புள்ளியை அப்படியே கொண்டுபோனால் டிரைவர் மேலிருந்து வெட்டும், பந்து உயரே போய்த் தூரம் குறையும். இந்த முறையிலேயே அதற்குச் சரிக்கட்டல்கள் இருக்கின்றன, ஆனால் அவை பிறகு பார்க்க வேண்டியவை. முதுகு வலி இருந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இடுப்பு இறுகியே இருக்கும்.

எவ்வளவு காலம் ஆகும் என்றால், மாதக் கணக்கில்தான். இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தபோதே பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய் ஸ்விங்கை அடியோடு மாற்றினார், இரண்டு வருடம் போல ஆனது. 1987 பிரிட்டிஷ் ஓபனில், மியூர்ஃபீல்டில், கடைசிச் சுற்றில் 18 ஹோலும் பார் (ஒவ்வொரு ஹோலுக்கும் வகுத்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை) ஆடி வென்றார். முழுநேர ஆட்டக்காரருக்கே அவ்வளவு காலம். இன்னொரு பக்கம், ஸ்டாக் அண்ட் டில்ட்டில் பெயரெடுத்த ஆட்டக்காரர் ஆரன் பேடலி பிற்பாடு அதை விட்டுப் பழைய பயிற்சியாளரிடமே திரும்பினார், 2011-இல் மறுபடி ஒரு போட்டியையும் வென்றார். இரண்டுமே நடக்கக்கூடியதுதான்.

ஸ்கோர் ஏறினாலும் (கோல்ஃபில் ஏறினால் மோசம்) ஸ்கோர் கார்டை ஒழுங்காகப் போடுங்கள். இப்போதைய உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ஸ்கோரில் சிறந்த 8-ஐத்தான் கணக்கில் எடுக்கிறார்கள், அதனால் சில மோசமான சுற்றுகள் உடனே உங்களைக் கவிழ்த்துவிடாது. மாற்றம் நடக்கும் மாதங்களில் கிளப் போட்டிகளைத் தவிர்த்துவிட்டு நண்பர்களோடு மட்டும் ஆடுவது நல்லது. அப்புறம், ஒரு ப்ரோவிடம் (தொழில்முறைப் பயிற்சியாளரிடம்) போகப் போகிறீர்கள் என்றால், இந்த முறை நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். “என் அடிப்புள்ளி எங்கே இருக்கிறது, கிளப் முகம் எங்கே பார்க்கிறது?” என்று கேளுங்கள். அதைப் புல்லில் காட்டச் சொல்லுங்கள், மேட்டில் வேண்டாம்.