மின்விசிறியை நிறுத்திய பிறகு

(கடையை மூடப்போகும் தையற்காரர் ஒருவர் கடைசியாகத் தைக்கும் பள்ளிச் சீருடையைப் பற்றி, மதுரையில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் 11 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறார். வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்கள் இவை.)

குறும்படம் எடுக்க விலை உயர்ந்த கேமரா அவசியமா? கைப்பேசி போதாதா?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

கைப்பேசி போதும். நாங்கள் கேமரா வாடகைக்குக் கொடுத்த பணத்தில் பாதியை நல்ல மைக்குக்கும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவருக்கும் செலவிட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். எதில் எடுத்தாலும் டியூப் லைட் வெளிச்சத்தில் மட்டும் கவனமாக இருங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா ஒளியை உள்வாங்கும் நேரம், 1/50 அல்லது 1/100 நொடி என்று இருந்தால் அது படத்தில் தெரியாது. நாங்கள் 1/60-இல் வைத்து எடுத்ததால் சுவரெங்கும் பட்டைகள் ஓடின. ஆறு ஷாட்களை மறுபடி எடுக்க நேர்ந்தது.

படப்பிடிப்பில் நீங்கள் செய்த பெரிய தவறு எது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

மின்விசிறியை நிறுத்தியதுதான். கால்மிதித் தையல் இயந்திரத்தின் ஓசை, மிதிக்கும் மனிதரின் மனநிலைக்கேற்ப விரைவதும் தயங்குவதும்தான் என் கதை என்பதால், டப்பிங் வேண்டாம், எல்லா ஒலியையும் அங்கேயே பதிவு செய்வோம் என்று முடிவு செய்திருந்தோம். விசிறியின் இரைச்சல் அதைக் கெடுத்தது, நிறுத்தச் சொன்னேன். மே மாதம், தகரக் கூரை, போதாக்குறைக்கு எங்கள் விளக்குகள். படத்தில் நடித்தவர் நடிகர் அல்லர்; அந்தக் கடையின் உரிமையாளரே. மூன்றாவது டேக் முடிவதற்குள் அவருடைய சட்டையின் முதுகுப்பகுதி முழுவதும் நனைந்திருந்தது. அவர் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை. எடிட்டிங்கில் அமர்ந்தபோதுதான், ஒரு ஷாட்டில் உலர்ந்த சட்டை, அடுத்ததில் நனைந்தது, அதற்கடுத்ததில் மீண்டும் உலர்ந்தது என்று கன்டினியூட்டி சிதைந்திருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் விசிறியைப் போட்டிருந்தால் அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும், படமும் தப்பியிருக்கும். ஒரே துணியில் இரண்டு சட்டைகள் வேண்டும் என்று அவரிடமே கேட்டிருந்தால் தைத்தே கொடுத்திருப்பார்.

இன்னொரு தவறும் ஒலி சார்ந்ததே. எந்த அறையும் முழு அமைதியாக இருப்பதில்லை; தெருவின் முணுமுணுப்பும் சுவர்களின் எதிரொலியும் சேர்ந்து ஒவ்வோர் அறைக்கும் தனி ஓசையைத் தருகின்றன. வெட்டிய வசனங்களுக்கு நடுவே அந்த ஓசை இல்லையென்றால், படம் நின்றுவிட்டதோ என்று காது திடுக்கிடும். அதனால்தான் ஒலிப்பதிவாளர்கள் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ வெறும் அறையைப் பதிவு செய்துகொள்கிறார்கள். மாலைச் சிற்றுண்டி வந்துவிட்ட அவசரத்தில் நாங்கள் அதை விட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்துப் போனபோது, வெள்ளையடிப்பதற்காகத் துணிகளை எல்லாம் வெளியேற்றியிருந்தார்கள். எதிரொலியை உறிஞ்சிக்கொண்டிருந்தவை அந்தத் துணிகள்தாம். அவை இல்லாத அறை வேறோர் அறையாக ஒலித்தது. கடைசியில், 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்பு தற்செயலாகப் பதிவாகியிருந்த இரண்டு மூன்று நொடித் துணுக்குகளைத் தேடியெடுத்து ஒட்டுப்போட்டோம்.

நடித்துப் பழக்கமில்லாதவரிடம் வசனத்தை எப்படிப் பேசவைத்தீர்கள்?
– குறும்பட ஆர்வலர், கோவில்பட்டி

பேசவைக்கவில்லை. "இந்த மெஷின்தான் என் உயிர்" என்று தொடங்கும் நீண்ட வசனம் ஒன்றை எழுதி, அதைப் பெருமையாகவும் நினைத்திருந்தேன். அவர் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதைச் சொல்லணுமா தம்பி? நான் இப்படியெல்லாம் பேச மாட்டேனே" என்றார். நான் வற்புறுத்தியதால் சொன்னார். ஒப்பித்தது போலவே இருந்தது. முதல் தொகுப்பு 19 நிமிடம் வந்தது. குறைத்துக்கொண்டே வந்தபோது முதலில் நீக்கியது அந்த வசனத்தைத்தான். அதற்குப் பதிலாக, பித்தான் தைத்து முடித்தவர் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, சட்டையை மடிமீது வைத்து உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிடுவதை வெட்டாமல் வைத்தோம். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்து அவர் என்ன சொன்னார்?
– இல்லத்தரசி, சேலம்

அவருடைய கடையிலேயே மடிக்கணினியில் போட்டுக் காட்டினோம். இந்த முறை விசிறி ஓடியது. முடிந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "கத்திரிக்கோல் பக்கத்துலயே இருக்கு, பல்லால கடிச்சிருக்கேன் பாருங்க" என்று வருத்தப்பட்டார். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். மேசையின் ஓரத்தில் கத்திரிக்கோல் தெளிவாகவே தெரிகிறது. தொகுக்கும்போது எத்தனையோ முறை அந்த ஷாட்டைப் பார்த்திருந்தும் என் கண்ணில் அது பட்டதே இல்லை.