நான்கு மணி நேரம், ஒரு தீர்ப்பு

கேள்வி: சட்டக் கல்லூரியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. 'டோனோஹ்யூ எதிர் ஸ்டீவன்சன்' தீர்ப்பைப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். நான்கு மணி நேரம் உட்கார்ந்தும் பாதி புரியவில்லை. மறுநாள் பேராசிரியர் என்னை எழுப்பி, "இந்த வழக்கில் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன?" என்று கேட்டார். வாயே வரவில்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் சரளமாகப் பேசுகிறார்கள். என் குடும்பத்தில் கோர்ட் வாசலை மிதித்தவர்கூடக் கிடையாது. தப்பான படிப்பை எடுத்துவிட்டேனோ? சீனியர்களின் நோட்ஸை வைத்துச் சமாளிக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த நான்கு மணி நேரம் வீண்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். என் முதல் வாரத்தில் நானும் ஒரு தீர்ப்பை மூன்று நாள் தூக்கிக்கொண்டு அலைந்தேன். புரியாத சொல்லையெல்லாம் அகராதியில் பார்த்து ஓரத்தில் எழுதினேன். பக்கம் முழுக்க பென்சில் கிறுக்கல் நிறைந்தது, ஆனால் யார் யார்மீது வழக்குப் போட்டார் என்பதுகூட மனதில் நிற்கவில்லை. எங்கே தவறினேன் என்று பிறகுதான் தெரிந்தது. தீர்ப்பைப் பாடப்புத்தகம் மாதிரி முதல் வரியிலிருந்து மனதில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு என்பது ஒரு சண்டைக்குச் சொன்ன பதில். சண்டை என்னவென்று தெரியாமல் பதில் எப்படிப் புரியும்?

உங்கள் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1928 ஆகஸ்ட் 26. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டோனோஹ்யூ என்ற பெண் ஒரு கஃபேக்குப் போகிறார். உடன் வந்தவர் காசு கொடுத்து ஜிஞ்சர் பீர் வாங்கித் தருகிறார். உள்ளே இருப்பது தெரியாத கருத்த பாட்டில். கொஞ்சம் குடித்தாயிற்று. மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது டோனோஹ்யூவின் புகார். அதனால் உடல்நிலை கெட்டது என்று பானத்தைத் தயாரித்த ஸ்டீவன்சன்மீது வழக்குப் போட்டார்.

இங்கே புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். அவர் ஏன் கடைக்காரர்மீது வழக்குப் போடவில்லை? காசு கொடுத்தது அவர் இல்லையே! அவருக்கும் கடைக்காரருக்கும் ஒப்பந்தம் கிடையாது. மூடி போட்ட கருத்த பாட்டிலுக்குள் நத்தை இருப்பதைக் கடைக்காரர் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. மிஞ்சியவர் தயாரிப்பாளர் ஒருவர்தான். அவரோடும் ஒப்பந்தம் இல்லை. அப்படியானால், ஒப்பந்தமே இல்லாத ஒருவருக்காகத் தயாரிப்பாளர் கவனம் எடுக்கக் கடமைப்பட்டவரா? பேராசிரியர் உங்களிடம் எதிர்பார்த்த பதில் இந்த ஒரு கேள்விதான். 1932இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் 'ஆம்' என்றார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டிலில் நத்தை உண்மையிலேயே இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிவு சொல்லவில்லை. 'புகார் உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்போது சட்டத்தில் வழக்கு நிற்குமா?' என்பதை மட்டும்தான் பார்த்தார்கள். அதன் பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது. இது தெரிந்தால் நத்தையைத் தேடிப் பக்கம் புரட்ட மாட்டீர்கள்.

ஆகவே இனி இப்படிப் படித்துப் பாருங்கள். முதலில் நடந்ததை மட்டும் படியுங்கள். படித்ததைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கதை சொல்வதுபோல் நாலு வரியில் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். அடுத்து, யார் என்ன கேட்டார், கடைசியில் யார் ஜெயித்தார் என்று பார்த்துவிடுங்கள். முடிவை முதலிலேயே பார்ப்பது ஒன்றும் குற்றமில்லை. அதற்குப் பிறகு காரணங்களுக்குள் போங்கள். அந்த முடிவுக்கு எந்தக் காரணம் இல்லாமல் முடியாதோ அதுதான் ரேஷியோ. போகிற போக்கில் நீதிபதி சொன்ன மற்றவை ஓபிட்டர். இவற்றைப் பிரிப்பதில் அனுபவசாலிகளே முட்டிமோதுவார்கள், முதல் வாரத்தில் உங்களுக்குக் கைவராதது இயல்பு. தீர்ப்பின் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை, அதாவது ஹெட்நோட்டை, வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொதுவாக அதை எழுதுவது தீர்ப்பைத் தொகுத்து வெளியிடுபவர்கள், நீதிபதி அல்ல.

வகுப்பில் வாயடைத்து நின்றதைப் பற்றி. எழுப்பிக் கேள்வி கேட்கும் இந்த முறையை 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் கொண்டுவந்தவர் லாங்டெல் என்ற பேராசிரியர். அன்றைக்கு மாணவர்களில் பலர் அதை வெறுத்து அவர் வகுப்பையே விட்டுப் போனார்கள். உங்களுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் இல்லை அது. அடுத்த முறை தெரிந்த இடம்வரை சொல்லுங்கள்: "ஒப்பந்தம் இல்லை என்பதுவரை புரிகிறது, அதற்கு மேல் வழி தெரியவில்லை." நல்ல ஆசிரியர் அந்த இடத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்துப் போவார்.

வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு வசதி உண்டு, இல்லையென்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சொற்களைச் சின்ன வயதிலிருந்தே காதில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் தீர்ப்பை அவர்களும் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். முடிந்தால் அவர்களில் ஒருவரோடு சேர்ந்தே படியுங்கள்.

சீனியர் நோட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் நாலு வரியை எழுதி முடித்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முன்னாலேயே பார்த்துவிட்டால், அவர் எங்கே தவறியிருக்கிறார் என்பது உங்கள் கண்ணில் படவே படாது.

படிப்பை விடும் பேச்சு இந்த வாரம் வேண்டாம். அதற்குப் பதில் ஒரு வேலை தருகிறேன். அதே தீர்ப்பில் 'இல்லை' என்று சொன்ன இரண்டு நீதிபதிகளில் ஒருவரான லார்டு பக்மாஸ்டர் எழுதியதைப் படியுங்கள். தயாரிப்பாளரை இப்படிப் பொறுப்பாக்கினால், பொறுப்பு எந்த இடத்தில்தான் நிற்கும் என்று கேட்கிறார் அவர். லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. படித்துவிட்டு, நீங்கள் அவர் பக்கமா, டோனோஹ்யூ பக்கமா, ஏன் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.