விற்ற ஹெரால்டைத் தேடிப் பிடிக்க முடியுமா?

கேள்வி: 1970 மாடல், நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார். மதுரையில் அப்பா ஓட்டியது. 1993-இல் ஒரு புரோக்கர் மூலம் கோவைப் பக்கம் விற்றோம். வண்டி நம்பர் நினைவிருக்கிறது, ஆர்.சி. நகல் இல்லை. அப்பாவும் இல்லை. வண்டி இப்போது எங்கே என்று கண்டுபிடிக்க வழி உண்டா? கிடைத்தால் திரும்ப வாங்க ஆசை.

பதில்: வழி உண்டு. ஆனால் வண்டி நம்பரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். வண்டி கேரளாவுக்குப் போய் அங்கேயே ஓராண்டுக்கு மேல் ஓடினால் அந்த மாநிலத்தின் நம்பர் வாங்கியாக வேண்டும். உங்களுக்கு நினைவிருக்கும் பழைய மூன்றெழுத்து நம்பர் அத்தோடு போய்விடும். சேஸிஸ் நம்பர், அதாவது வண்டியின் அடிச்சட்ட எண், அப்படி மாறாது. ஆர்.சி. தொலைந்தாலும் பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியில் அது இருக்கும். அதனால் முதல் வேலை, அப்பாவின் பழைய ஃபைல்களைக் குடைவது.

அப்புறம் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பதிவு இருந்தால் எந்த ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். உரிமையாளர் பெயரைப் பாதி மறைத்துத்தான் காட்டுவார்கள். ஒன்றுமே வராவிட்டால் வண்டி இரும்புக்கடைக்குப் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய பதிவேடுகள் எல்லாமே கணினிக்கு ஏறிவிடவில்லை.

அடுத்தது, முதலில் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய். இதில் பலர் சறுக்குவது, 'இப்போதைய உரிமையாளர் பெயர், முகவரி தருக' என்று கேட்பதால்தான். தனிநபர் தகவல் என்று நிராகரித்துவிடுவார்கள். பதிவு உயிரோடு இருக்கிறதா அல்லது ரத்தானதா, கடைசிப் பெயர் மாற்றம் எந்த ஆண்டு, வேறு அலுவலகத்துக்கு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) போயிருந்தால் எந்த ஊருக்கு என்று மட்டும் கேளுங்கள். ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது: வண்டி இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே நாலு கை மாற்றிவிடும் பழக்கம் புரோக்கர்களிடம் சகஜம். அப்படியிருந்தால் வண்டி கிடைக்கிறதோ இல்லையோ, இதை உடனே சரிசெய்யுங்கள். விபத்து நடந்தால் பதிவில் இருப்பவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

காகிதத்தில் தடம் அறுந்தால் மெக்கானிக்குகளிடம் போங்கள். என் அனுபவத்தில் ஆர்.டி.ஓ.வை விட வேகமான வழி இதுதான். சென்னையில் தயாரான ஹெரால்டின் உற்பத்தி எழுபதுகளின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. பாகம் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பதால், வைத்திருப்பவர்கள் எல்லோரும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பட்டறைகளுக்குத்தான் வந்தாக வேண்டும். கோவையில் வயதான டிங்கரிங்காரர் ஒருவரைப் பிடித்தால், எந்த ஹெரால்ட் எந்த வீட்டு ஷெட்டில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளின் பழைய கார் அணிவகுப்புப் படங்களில் நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டே வருவதும் பலன் தரும். நிறத்தை வைத்துத் தேடாதீர்கள். இத்தனை வருடத்தில் எத்தனை பெயின்ட் ஏறியதோ!

வண்டி கிடைத்துவிட்டால், போனிலேயே 'இது எங்கப்பா வண்டி சார்' என்று உருகிவிடாதீர்கள். விலை அங்கேயே ஏறிவிடும். முதலில் சும்மா பார்க்க வருவதாகச் சொல்லுங்கள். போகும்போது பழைய குடும்பப் படம் ஒன்றைக் கொண்டுபோய், நேரில் கொடுங்கள். விற்க மனமில்லாதவர்கூட அப்போது கொஞ்சம் இறங்கி வருவார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடும் உங்கள் பாலிசியோடும் ஒப்பிடுவது கட்டாயம். ஹெரால்டுக்கு சேஸிஸ் தனி. பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு அதன்மேல் உட்காரும். மூன்று ஹெரால்டைப் பிரித்து ஒன்றாக்குவது எளிது, செய்தும் இருக்கிறார்கள். எஞ்சினையும் பாருங்கள். 50 வயது தாண்டிய வண்டிகளை 2021 விதிகளின்படி விண்டேஜ் என்று பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிய மாற்றமின்றி அசலாக இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியை தினசரி ஓட்டவும் முடியாது. ஆபீசுக்கு எடுத்துப் போகும் எண்ணமிருந்தால் அந்தப் பக்கம் போகாமல், வழக்கம்போல் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.