பத்துக்கு ஒன்று

அன்புள்ள ஐயா,

மாமா காலமான பிறகு அவருடைய பன்னிரண்டடி மரப்படகும் படகின் பின்னால் மாட்டும் 1960களின் பிரிட்டிஷ் சீகல் அவுட்போர்டு மோட்டாரும் என்னிடம் வந்தன. மோட்டார் ஓடுகிறது, ஆனால் ஒரே புகை. கூட வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? புது பெயிண்ட் அடிக்கலாமா? இப்போதைய ஆயில் தரமானது, பெட்ரோல் 50 பங்குக்கு ஆயில் 1 பங்கு கலந்தால் போதும் என்கிறான் நண்பன். இல்லை, விற்றுவிட்டுப் புதிய மோட்டாரே வாங்கிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சென்ற வாரம் என் படகின் பின்னால் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் விரிந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க மனசு சரியில்லை. உங்கள் கடிதம் அதே இடத்தில் வந்து தொட்டுவிட்டது.

பெயிண்ட் உங்கள் விருப்பம். இக்னிஷனையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் தீப்பொறி கொடுக்கும் பழைய பாயின்ட், கண்டென்சர், காயில் எல்லாவற்றையும் துடைத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எதற்காகவும் மோட்டாரின் பழைய வார்ப்பு உடம்பில் புதிதாகத் துளை போடாதீர்கள்.

ஆயில் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் நண்பர் அந்த மோட்டாரை ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்திருக்கிறாரா? அதில் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுழல்வது வெண்கலப் புஷ்ஷுக்குள், அதாவது ஒரு வெண்கல வளையத்துக்குள். அழுத்தம் கசியாமல் தடுக்க ரப்பர் ஆயில் சீல் கிடையாது. புஷ்ஷுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்தான் அங்கே சீல். பிஸ்டன் ஷாஃப்ட் பக்கம் வரும்போது, ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள கிராங்க் கேஸில் இருக்கும் பெட்ரோல் கலவை அழுந்தி, அந்த அழுத்தத்தில்தான் சிலிண்டருக்குள் போகிறது. எண்ணெய் குறைந்தால் புஷ் தேயும். தேய்ந்தால் அழுத்தம் ஷாஃப்ட் ஓரமாகக் கசிந்துவிடும். அப்புறம் கை ஓயும்வரை கயிற்றை இழுத்தாலும் கிளம்பாது. இதற்காகத்தான் 10க்கு 1 என்று வைத்தார்கள். 5 லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் ஆயில். நண்பர் கணக்குப்படி ஊற்றினால் வெறும் 100 மில்லி. எவ்வளவு உயர்ந்த ஆயிலானாலும் அந்த 100 மில்லி மீதி 400 மில்லியின் வேலையைச் செய்யாது.

நான் இதைச் செய்தவன். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா உடம்பு முடியாமல் படுத்திருந்தார், படகு என் கையில். நண்பர்களை ஏற்றிப் போகும்போது புகை கௌரவக் குறைச்சலாகத் தெரிந்தது. ஆயிலைக் குறைத்தேன். முதலில் புகை குறைந்தது, எனக்குப் பெருமை. இரண்டு வருடத்தில் மோட்டார் கிளம்ப மறுத்தது. அப்பா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் கரைக்கு வந்தார். ஷாஃப்ட்டின் தலையில் இருக்கும் சக்கரமான ஃப்ளைவீலை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். அது ஆடியது. "எண்ணெயைக் குறைச்சியா?" என்றார். ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. துடுப்பை எடுத்துப் படகில் போட்டார். அந்த உடம்போடு அந்த வருடம் முழுக்கத் துடுப்புதான் போட்டார். நான் மாற்றிப் போட வந்தால் கொடுக்கவே மாட்டார்.

நீரில் கலக்கும் எண்ணெய்க்கு என்ன செய்வது என்றால், அதற்கு நேரான வழி இருக்கிறது. பிந்தைய சீகல் மாடல்கள் 25க்கு 1இல் ஓடின. பழைய மோட்டார்கள் பலவற்றிலும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரின் ஊசியை அதற்கேற்ப மாற்றினால் அந்த அளவுக்கு வரலாம். ஊசியை மாற்றாமல் ஆயிலை மட்டும் குறைத்தால் பெட்ரோல் அதிகமாகிக் கலவை கெட்டுவிடும். 25க்கு 1ஐ விட ஆயிலைக் குறைக்கவே குறைக்காதீர்கள். கிட்டத்து தூரத்துக்குத் துடுப்பு போடுங்கள், பன்னிரண்டடிப் படகுதானே.

விற்பதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அப்பா ஒரு பழைய கண்ணாடி பாட்டிலில் ஆணியால் கோடு கீறி வைத்திருந்தார், அதுதான் ஆயில் அளவு. உங்கள் மாமாவின் சாமான்களுக்குள்ளும் அப்படி ஒன்று கிடக்கும். தேடிப் பார்த்து எழுதுங்கள்.