ஜப்பானிய அனிமேவில் கலப்புக் குடும்பத்தில் பிறந்த மேஜிகல் கேர்ள் (மாயசக்தி கொண்ட சிறுமி) நாயகி யாராவது உண்டா? அந்தப் பாத்திரம் நன்றாக வந்திருக்கிறதா?

உண்டு, நன்றாகவே வந்திருக்கிறது. என் பதில் எலெனா அமாமியா. 2019 பிப்ரவரி 3 முதல் 2020 ஜனவரி 26 வரை ஞாயிறு காலைகளில் 49 அத்தியாயங்களாக ஓடிய 'ஸ்டார் ட்விங்கிள் பிரிக்யூர்' தொடரின் நாயகிகளில் ஒருத்தி. அப்பா கார்லோஸ் மெக்சிகோக்காரர், அம்மா கயேதே ஜப்பானியர். எலெனா உருமாறினால் க்யூர் சோலெய்: ஆரஞ்சும் மஞ்சளுமான உடை, சூரியனின் சக்தி, நெருப்புப் பந்தைக் காலால் உதைத்து அடிக்கும் தாக்குதல். அவளுடைய நிறம் மாநிறம். உருமாறிய பிறகும் அதே மாநிறம்தான்.

அந்தக் கடைசி வரியை நான் வேண்டுமென்றே எழுதினேன். மேஜிகல் கேர்ள் என்ற வகையே 1966இல் டோய் அனிமேஷன் நிறுவனத்தின் 'மாஹோத்சுகாய் சாலி'யோடு தொலைக்காட்சிக்கு வந்தது. அதே டோய் 2004இல் பிரிக்யூர் என்ற மேஜிகல் கேர்ள் தொடர்வரிசையைத் தொடங்கியது. ஆண்டுதோறும் வந்த வரிசையில் ஸ்டார் ட்விங்கிள் பதினாறாவது. இத்தனை வருடங்களில் வானவில்லின் எல்லா நிறத்திலும் நாயகிகளுக்குத் தலைமுடி வரைந்திருக்கிறார்கள். தோல் மட்டும் பெரும்பாலும் ஒரே நிறம். பிரிக்யூரில் மாநிறத் தோலோடும் வெளிநாட்டு அப்பாவோடும் முன்வரிசையில் வந்து நின்ற முதல் பெண் எலெனாதான்.

வந்த நேரத்தையும் பாருங்கள். 2018இல் அமெரிக்க ஓபனை வென்றவர் ஜப்பானிய டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா. அவருடைய அப்பா ஹெய்ட்டிக்காரர். 2019 ஜனவரியில் நிஸ்ஸின் நூடுல்ஸ் நிறுவனம் அவரை அனிமே பாணியில் வரைந்து ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் அவருடைய தோல் வெளுத்துப் போயிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குச் சில நாட்களிலேயே எலெனா திரைக்கு வந்தாள். தொடரின் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கும் என்பதால் இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அந்த மாதம் டிவி முன்னால் உட்கார்ந்த ஒரு மாநிறக் குழந்தைக்கு எது முக்கியமாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜப்பானில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய ஐம்பதில் ஒன்றுக்கு அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டவர். அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை உண்டு.

சரி, பாத்திரத்துக்கு வருகிறேன். எலெனா நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஐந்து தம்பி தங்கைகளுக்கு அக்கா. குடும்பம் பூக்கடை நடத்துகிறது. கடையின் பெயர் 'சொன்ரிசா', ஸ்பானிய மொழியில் புன்னகை. அம்மா மொழிபெயர்ப்பாளர், வேலையாக அடிக்கடி வெளியே இருப்பவர். ஆகவே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் கடையில் அப்பாவுக்குக் கை கொடுப்பதும் எலெனா பொறுப்பு. பள்ளியில் அவளுக்குப் பெயரே 'சூரியன்'. தோழி மடோகா 'சந்திரன்'.

இங்கேதான் எனக்கு முதலில் ஒரு நெருடல் இருந்தது. லத்தீன் அமெரிக்க ரத்தம் என்றால் உடனே சூரியன், நெருப்பு, கலகலப்பு என்று கொடுத்துவிடுகிறார்களே! வழக்கமான அச்சுதானே இது? முதல் பாதியில் அந்தக் குறை ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. தம்பி தோமாவுக்குத் தன் வீடு மற்ற வீடுகளைப் போல இல்லையே என்று கூச்சம் வரும் அத்தியாயத்தில் கதை கொஞ்சம் ஆழத்துக்குப் போகிறது. பையனைத் திட்டாமல், அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுகிறார்கள். ஆனால் தோமா வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அக்கா சொல்வதில்லை, சிரிக்கிறாள். ஒருவேளை அவளுக்கும் அதே கூச்சம் ஒரு காலத்தில் இருந்ததா என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

அந்தச் சிரிப்பை 43ஆவது அத்தியாயத்தில் கையில் எடுக்கிறார்கள். நான் இந்தத் தொடரைப் பரிந்துரைக்கக் காரணமே அந்த ஒரு அத்தியாயம்தான். (கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.)

எதிரிக் கூட்டமான நாட்ரெய்டர்கள் இருக்க இடமில்லாமல் போனவர்கள். அவர்களில் தளபதி டென்ஜோ, ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் நீண்ட மூக்குள்ள தெங்குவை வைத்து உருவாக்கப்பட்டவள். அவள் பிறந்த கிரகத்தில் எல்லோருக்கும் நீண்ட மூக்கு, அதில் அவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை. டென்ஜோவுக்கு மட்டும் சின்ன மூக்கு. சுற்றியிருந்தவர்கள் சிரித்த முகத்தோடுதான் பழகினார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் தன்னை இளக்காரமாகத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதிலிருந்து யார் சிரித்தாலும் அவள் கண்ணுக்கு முகமூடிதான். கயேதேயையே அரக்கனாக்கி மகளுக்கு எதிரே நிறுத்திவிட்டு, உன் அம்மாவின் சிரிப்பும் பொய், உன்னுடையதும் பொய் என்று எலெனாவைக் குத்துகிறாள். எலெனா ஆடிப்போகிறாள். இந்தத் தொடரில் மற்ற அடி எதற்கும் அவள் அப்படி நிலைகுலைந்து நான் பார்க்கவில்லை.

பிறகு தெரியவருவது: கயேதேவுக்கு இயல்பாகச் சிரிக்கவே வராதாம். கார்லோஸைச் சந்தித்த பிறகுதான் வந்ததாம். அந்த வீட்டின் சிரிப்பு மெக்சிகோ ரத்தத்தில் தானாக ஊறி வந்ததில்லை, ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தது. முதல் பாதியில் எனக்கு இருந்த நெருடல் கரைந்தது இங்கேதான். 'கலகலப்பான லத்தீன் பெண்' என்று நான் நினைத்த அந்தக் குணத்தின் ஒரு வேர் ஜப்பானிய அம்மாவின் பழைய இறுக்கத்தில் இருக்கிறது. கூட்டத்தில் வேறு மாதிரி தெரிந்த இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்தி, இருவரையும் புரிந்துகொள்ள வைக்கிறார்கள். டென்ஜோ உணர்ந்த வலியைப் பொய் என்று எலெனா ஒரு இடத்திலும் தள்ளவில்லை. சிறுமிகளுக்கான காலைத் தொடரில் இவ்வளவு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்றும் பிடித்திருந்தது. தம்பி தங்கைகளையும் கடையையும் விட்டுப் போவதா என்று தயங்கும் இந்த மூத்த பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு ஆசை இருக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவைப் போல மொழிபெயர்ப்பாளர் ஆக வேண்டும் என்பது அந்த ஆசை. பதினைந்து வருடம் கழித்து நடக்கும் கடைசி அத்தியாயத்தில் அந்த வேலையில்தான் இருக்கிறாள்.

பார்ப்பதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். 43ஐ மட்டும் தனியாக எடுத்துப் பார்க்காதீர்கள். டென்ஜோ முதலில் வெறும் வில்லியாக வந்து போகும் அத்தியாயங்களையும், தோமாவின் அத்தியாயத்தையும் பார்த்திருந்தால்தான் அது முழுதாகச் சேரும். நடுவில் பொம்மை விற்பதற்கென்றே எழுதியது போன்ற சில அத்தியாயங்கள் உண்டு. அவற்றைத் தாராளமாக ஓட்டிவிடலாம்.