கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் லீவு கிடைக்குமா?

அண்ணனுக்கு வணக்கம்,

எனக்கு 29 வயது, சொந்த ஊர் பரமக்குடி. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆறு வருஷமாக டெஸ்டிங் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நண்பர்களோடு ராமேஸ்வரம் போனபோது விளையாட்டாகக் கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் ஒன்று காற்றில் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் போவது) வகுப்பில் சேர்ந்தேன். ஊர் திரும்பினால் மறந்துவிடும் என்று நினைத்தேன், மறக்கவில்லை. இப்போது ஆபீஸில் உட்கார்ந்தாலும் ஒரு கண் காற்று காட்டும் ஆப் மேலேயே இருக்கிறது. வேலையை மாற்றலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கையில் மூன்று வழி. பெங்களூர் கம்பெனி ஒன்று 40 சதவீதம் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது, ஜெர்மனி வாடிக்கையாளர், முழுக்க வீட்டிலிருந்தே வேலை. இரண்டாவது, ராமேஸ்வரத்தில் இன்ஸ்ட்ரக்டராக வரச் சொல்கிறார்கள். மூன்றாவது அப்பாவின் யோசனை, குரூப் 4 எழுதி ஊர்ப்பக்கம் ஓர் அரசு வேலை. மற்றபடி அவர் சொல்வது ஒன்றுதான்: "பட்டம் விடுறதுக்கு வேலையை விடுவியா?" எதில் போனால் தண்ணீருக்கு நேரம் கிடைக்கும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் கேள்வியை ரொம்ப ரசித்தேன். என் மாமனார் அந்த அளவுக்குக்கூட என்னிடம் பேசவில்லை, என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்குக் கடன் கிடன் இருக்கா, கேளு" என்றார். நாற்பதைத் தாண்டிய ஒருவன் சனிக்கிழமை ஆனால் மதுரையிலிருந்து கடலைப் பார்த்து ஓடுகிறான் என்றால் அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் பார்த்து வேலை தேடினால் ஏமாந்துபோவீர்கள், நான் ஏமாந்தேன். கிரிக்கெட் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆடலாம், ஜிம் என்றால் விடிகாலையில் போய்வரலாம், இதில் நாம் சும்மா இருந்தால் மட்டும் போதாது, காற்றும் அன்றைக்கு வர வேண்டும். ஒலிம்பிக்கிலேயே இந்தக் கதைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் கைட்டை முதன்முதலாகச் சேர்த்தார்கள், போட்டி மார்செய் கடலில். உலகமே பார்க்கிறது, காற்றைக் காணோம். ஆண்களுக்கான இறுதிச் சுற்றுகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. அந்த மறுநாள் ஆகஸ்ட் 9, சிங்கப்பூரின் தேசிய தினம், அன்றைக்கு மேக்ஸ் மேடர் என்ற சிங்கப்பூர்ப் பையன் 17 வயதில் வெண்கலம் வாங்கினான். ஒலிம்பிக்காரர்களே காற்றுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள், உங்கள் டீம் லீட் காத்திருப்பாரா?

நம் பக்கத்துக் காற்று உங்களுக்கும் தெரியும். ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை கச்சான், தென்மேற்குக் காற்று. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாடை, வடகிழக்குக் காற்று. நடுவில் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் புயலுக்கும் போய்விடும், ஏப்ரலில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். கச்சானிலும் வெயில் ஏறி நிலம் சூடான பிறகு, மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் காற்று ஒரு நிதானத்துக்கு வரும். ஆக ஒரு வேலையைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் மதியம் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை உள்ள பொழுது உங்கள் கையில் இருக்குமா, வேறு யார் கையிலாவது இருக்குமா? வருஷத்தின் மற்ற நேரத்தில் அவர்கள் உங்களைப் பிழிந்து எடுத்தாலும் பரவாயில்லை என்றுகூடச் சொல்வேன்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கேவலமானது. மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருஷம் கணக்கு எழுதினேன். அந்தத் தொழிலில் தனிநபர் வருமான வரிக் கணக்குக்கு அப்போது ஜூலை 31 கெடு, தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30. அதாவது கச்சான் எழும்பும்போது ஃபைல்களும் எழும்பும், கச்சான் அடங்கும்போது ஃபைல்களும் அடங்கும். யாரோ திட்டம் போட்டு என்னைப் பழிவாங்கியது போல இருக்கும். அக்டோபர் வந்தால் முதலாளி தாராளமாக, "ஒரு வாரம் எங்கேயாவது போயிட்டு வாய்யா" என்பார். எங்கே போவது, ராமேஸ்வரத்துக்குப் போய் மழையில் நனைவதா?

ஒரு வருஷம் ஜூலை 29 அன்று காய்ச்சல் என்று போன் செய்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இரண்டு நாள் அருமையான காற்று. 31 காலையில் ஆபீஸுக்குள் நுழைகிறேன், முதலாளி கண்ணாடியைக் கீழே இறக்கி என் முகத்தையே பார்த்தார். மூக்குத் தோல் உரிந்து தொங்குகிறது, நெற்றி கருத்துக் கிடக்கிறது, கண்ணைச் சுற்றிக் கூலிங் கிளாஸ் வடிவத்தில் மட்டும் வெள்ளை. "காய்ச்சல்ல மூக்கு உரியுமா?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை. அன்று ராத்திரி இரண்டு மணி வரை இருந்து நானே மொத்த ஃபைலையும் முடித்தேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, பலருக்குத் தலைவலி, எனக்கு வழி. சின்னக் கடைக்காரர்களுக்கு மாதாமாதம் ரிட்டர்ன் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று. அந்த இரண்டு தேதிகளையும் அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாட்களையும் விட்டால், காலையில் செய்கிறேனா ராத்திரி செய்கிறேனா என்று எவரும் கேட்பதில்லை. ஆபீஸை விட்டுவிட்டு ராமநாதபுரத்துக்கு வந்தோம், இப்போது பதினாலு கடைகள். வருமானம் மதுரையில் வாங்கியதில் பாதிக்குக் கீழே. இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்: என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர் பக்கம். அவர் இடமாறுதல் வாங்கி வந்ததால்தான் என் வீரம் எல்லாம். (அவருக்குப் பள்ளி விடுமுறை மே மாதம், பள்ளி திறப்பது ஜூன். வாத்தியார் வேலையில் லீவு நிறைய என்று யாராவது உங்களிடம் சொன்னால் காலண்டரை எடுத்துக் காட்டுங்கள்.)

இப்போது உங்கள் மூன்று வழிகள்.

பெங்களூர் வேண்டாம். வீட்டிலிருந்தே வேலை என்றதும் பாம்பனில் ரூம் எடுத்து லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி உங்கள் மனதில் ஓடியிருக்கும், தெரியும். ஜெர்மனியில் கோடைக்காலத்தில் காலை ஒன்பது மணி என்பது நமக்குப் பகல் பன்னிரண்டரை. அவர்கள் ஐந்து மணிக்கு எழுந்து போகும்போது நமக்கு இரவு எட்டரை. கச்சானின் நல்ல பொழுது மொத்தத்தையும் ஒரு மீட்டிங் விடாமல் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக மற்றவர்களின் கைட்டை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். 40 சதவீதம் அதிகம் வாங்கிக்கொண்டு அந்த வேதனை எதற்கு? இதே வேலையை ஆஸ்திரேலியாவுக்குச் செய்தால் கதையே வேறு. ஜூன், ஜூலையில் சிட்னியின் ஒன்பது மணி நமக்கு விடிகாலை நாலரை, அவர்களின் மாலை ஐந்து நமக்குப் பகல் பன்னிரண்டரை. லேப்டாப்பை மூடிச் சாப்பிட்டுவிட்டுக் கரைக்குப் போனால் காற்று தயாராக இருக்கும். ஆஸ்திரேலிய வங்கி, இன்சூரன்ஸ் வேலைகள் சென்னையில் நிறைய நடக்கின்றன, டெஸ்டிங்குக்கு ஆள் கேட்பார்கள். உங்கள் இப்போதைய கம்பெனியிலேயே அந்தப் பக்கம் ப்ராஜெக்ட் இருக்கிறதா, மூன்று மாதம் ஊரிலிருந்து பார்க்க விடுவார்களா என்று முதலில் விசாரியுங்கள். நாலு மணிக்கு எழுவது கொடுமைதான். ஆனால் நீங்கள் கேட்டது தண்ணீருக்கு நேரம், தூக்கத்துக்கு இல்லை.

இன்ஸ்ட்ரக்டர் வேலையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றில் உங்கள் மனது அதில்தான் இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. நீங்கள் மாணவராக இருந்த நாட்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கே நின்றார்? இடுப்பளவு தண்ணீரில், உங்கள் முதுகுக்குப் பின்னால், நீங்கள் இடுப்பில் கட்டியிருந்த ஹார்னஸின் பிடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி. கைட்டைத் திருப்பும் கைப்பிடியான பாரை நீங்கள் பதற்றத்தில் உங்கள் பக்கம் இழுத்தீர்கள், கைட் சுழன்று அடித்துத் தண்ணீரில் விழுந்தது, கயிறு சிக்கியது, அவர் நிதானமாகப் பிரித்தெடுத்து மறுபடி மேலே ஏற்றிக் கொடுத்தார், பத்து நிமிஷத்தில் மறுபடி விழுந்தது. காற்று நன்றாக அடிக்கும் நாளில்தான் மாணவர்களும் வருவார்கள். ஆகவே சீசனின் மிகச் சிறந்த காற்றெல்லாம் அவர் அடுத்தவர் கைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கடந்துபோகும். ஒரு இன்ஸ்ட்ரக்டர் என்னிடம், "ஸ்வீட் ஸ்டால்ல வேலை பார்க்கிறவனுக்கு லட்டு மேல ஆசை வருமாண்ணே?" என்று சொன்னார். எல்லாருக்கும் அப்படி இல்லை, சொல்லிக்கொடுப்பதில் இறங்கிவிட்டால் அதுவே தனி போதை, முதல் தடவை ஒரு ஆள் பலகையில் எழுந்து நின்று பத்து மீட்டர் போவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே இருப்பவர்களைத் தெரியும். உங்களுக்கு அது பிடிக்குமா என்று ஒரு சீசன் சம்பளமில்லா விடுப்பில் போய் இருந்து பாருங்கள். அக்டோபரிலும் ஏப்ரலிலும் என்ன சாப்பிடுவது என்பதையும் இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் யோசனையை நீங்கள் கேலியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மூன்றில் மோசமானதாகப் படவில்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை 92 நாள், அதில் சனி ஞாயிறு மட்டுமே 26 வரும். வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, 30 நாள் ஈட்டிய விடுப்பு. விடுப்பைச் சரண்டர் செய்து காசாக்காமல், கல்யாணம் காதுகுத்துக்கு என்று சிதறவிடாமல், கச்சானுக்கு என்று சேர்த்துவைத்தால் நாற்பது நாளை எட்டிவிடலாம். தேர்வில் தேறி, கலந்தாய்வில் கடற்கரை மாவட்டம் கிடைத்து, லீவு லெட்டரைப் பார்த்து முகம் சுளிக்காத அதிகாரி அமைய வேண்டும், அதெல்லாம் வேறு விஷயம். தேறும் வரை படிக்கவும் வேண்டும், அந்த இரண்டு மூன்று வருஷக் கச்சான் படிப்புக்குப் போய்விடும்.

செலவு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. புதிதாகக் கைட், பார், பலகை, ஹார்னஸ் எல்லாம் வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும், ஒரு கைட் எல்லாக் காற்றுக்கும் ஆகாது என்பதும் உங்களுக்குத் தெரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகும். 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) காற்றில் சாதுவாக இருந்த கைட்டை 24 நாட்டில் ஏற்றினால் ஆளை அப்படியே தூக்கிப் போட்டுவிடும். சம்பளத்தைக் குறைத்துக்கொள்வதற்கு முன்னால் பழைய செட்டாவது வாங்கி வைத்துவிடுங்கள். நான் முன்யோசனை இல்லாமல் வேலையை விட்டுவிட்டு, கிழிந்த கைட்டில் துணி ஒட்டி ஒட்டியே இரண்டு வருஷம் ஓட்டினேன்.

கடைசியாக ஒன்று, இது நீங்கள் கேட்காதது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கும் நேரம் பார்த்துத்தான் கச்சான் எழும்பும். மணிக்கு 45, 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காது, படகெல்லாம் கரையில் கிடக்கும். அந்த 45 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 24 நாட், நமக்குச் சின்ன கைட்டை எடுக்கும் நாள். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள், அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போதும் சில கிறுக்கர்கள் தண்ணீரில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நாள் நான் மணலில் கைட்டை விரித்து, பறந்துவிடாமல் இருக்க இரண்டு கையாலும் மணலை அள்ளி அதன்மேல் போட்டுக்கொண்டிருந்தேன். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க சோத்துல மண்ணு விழுற அன்னிக்குத்தான் உங்களுக்குத் திருவிழாவாப்பா?" என்றார். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கூடவே, "பெண்கடல் பக்கம் எறங்காத, கச்சான் ஒன்னைய உள்ள தள்ளிரும், ஆண்கடலுக்குப் போ" என்றும் சொன்னார். தென்மேற்கிலிருந்து வரும் காற்று பெண்கடலான பாக் நீரிணைப் பக்கம் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும், ஆண்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் அலை முரட்டுத்தனமாக இருந்தாலும் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். எனக்கு அது ஆப் சொல்லாத தகவல். மீட்புப் படகு இல்லாத நாளில் நான் இன்றைக்கும் அதன்படிதான். கரைப்பக்கம் குடிவருவதாக இருந்தால் எந்த வேலையில் வந்தாலும் இவர்களோடு பேசிப் பழகுங்கள், அவர்களுக்குப் படகு போகாத நாள்தான் நமக்கு ஆட்டம் என்பதும் மனதில் இருக்கட்டும்.

அப்பாவிடம் நான் சொன்னதாக ஆஸ்திரேலிய ஷிஃப்ட் பற்றிச் சொல்லிப் பாருங்கள். சம்பளம் குறையாது என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்று 19ஆம் தேதி. காலையிலிருந்து ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது, மாடிக் கொடியில் காயப்போட்ட வேட்டி கயிற்றோடு படபடக்கிறது, காற்று 20 நாட் வேகத்துக்குக் குறையாது. எனக்கு இன்னும் மூன்று கடைகளின் பில் வரவில்லை, நாளை கெடு. அதற்காகக் காத்திருந்த நேரத்தில்தான் இதை எழுதினேன். இதோ, ஹார்டுவேர் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார், எல்லாம் மங்கலான போட்டோ.

அன்புடன்,
அண்ணன்